ரெட்டு போட்டா ஃபாலோ போடணும்: வெப்காமிக்ஸ்ல காமெடியையும் கதையையும் சேர்த்து ஓட்டுறது எப்படி

கேரம் ஆடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ரெட்டை பாக்கெட்ல தள்ளிட்டா மட்டும் போதாது, அடுத்த அடியில உங்க காயின் ஒண்ணை ஃபாலோ போடணும், போடலன்னா அந்த ரெட்டு திரும்ப போர்டு நடுவுல வந்து உக்காந்துக்கும், நீங்க எவ்ளோ அழகா கட் பண்ணி போட்டிருந்தாலும் கணக்குல வராது. வெப்காமிக்ஸ்ல, அதாவது போன்ல எபிசோட் எபிசோடா வர்ற படக்கதையில, ஜோக்கு தான் ரெட்டு, கதை தான் ஃபாலோ. வாசகன் சிரிச்சிட்டான்னா ரெட்டு உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், ஆனா அந்த சிரிப்பால கதையில எவனுக்காவது ஏதாவது ஆகணும், ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு சந்தேகம், எதுவாவது. ஒரே வித்தியாசம் என்னன்னா கேரம்ல உடனே போடணும், காமிக்ஸ்ல பத்து எபிசோட் கழிச்சு கூட ஃபாலோ போடலாம். ஆனா போட்டே ஆகணும்.

நான் வடசென்னை, தண்டையார்பேட்டை. என் காமிக்ஸ் பக்கத்துல காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல நடக்குது, ஹீரோவுக்கு பட்டப்பேரு லேட்டு, விசைப்படகு இஞ்சின் மெக்கானிக்கு, அவனைச் சுத்தி ஒரு இட்லி கடை ஆயா, கேரம் கிளப்ல ஒரு நாலு பேரு, அவ்ளோ தான். முதல் இருபது எபிசோட் வெறும் காமெடியா போட்டேன், நல்லா போச்சு. அப்புறம் கதையை ஆரம்பிச்சேன், அங்க தான் மாட்டிக்கிட்டேன், பாதி பேரு கதை எப்போ நகரும்னு கேக்குறாங்க, மீதி பேரு முன்ன மாதிரி சிரிப்பு வரலன்றாங்க. உக்காந்து முதல்ல இருந்து திரும்பப் படிச்சுப் பார்த்தா ரெண்டு பேரு சொன்னதும் சரி தான். காமெடி எபிசோட் தனியா, கதை எபிசோட் தனியா போட்டுட்டு இருந்திருக்கேன், அந்தக் காலத்து சினிமாவுல காமெடி ட்ராக்கை தனியா எழுதி தனியா ஷூட் பண்ணி நடுநடுவுல சொருகுவாங்களே அது மாதிரி. சினிமாவுக்கு அது தாங்கும், ஏன்னா டிக்கெட் வாங்கி ரெண்டரை மணி நேரம் சீட்ல உக்காந்திருக்கான். போன்ல படிக்கிறவன் பஸ்ல நின்னுக்கிட்டு ஒரு கட்டை விரல்ல தள்ளிக்கிட்டு இருக்கான், இந்த வாரம் கதை வரலன்னா அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டதைத் தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு வரி

படம் போட ஆரம்பிக்கிறதுக்கு முன்ன ஒரு வரி எழுதுங்க: யாருக்கு, என்ன வேணும், எந்தத் தேதிக்குள்ள. இந்த மூணுல தேதி தான் ரொம்ப முக்கியம், ஆனா அதைத் தான் எல்லாரும் விட்டுடுறோம். எனக்கு அந்தத் தேதியைக் காசிமேடே குடுத்துச்சு. வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன் இனப்பெருக்கக் காலம்னு கிழக்குக் கடற்கரையில விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது. அந்த 61 நாள்ல தான் வலை பின்னுறது, படகை மேல ஏத்தி பெயின்ட் அடிக்கிறது, இஞ்சினைப் பிரிச்சு மேயறது எல்லாம் நடக்கும். அதனால என் ஒரு வரி இது: லேட்டு ஒரு செத்துப்போன இஞ்சினை ஜூன் 14க்குள்ள உயிர் கொடுத்து எழுப்பணும், இல்லன்னா அந்தப் படகு கைமாறிடும்.

பாருங்க, இந்த ஒரு வரியில காமெடிக்கும் இடம் இருக்கு கதைக்கும் இடம் இருக்கு. எல்லாரும் கரையில சும்மா குந்திக்கிட்டு ஒருத்தனை ஒருத்தன் ஓட்டிக்கிட்டு இருக்காங்கன்னா காமெடிக்குப் பஞ்சமே இல்ல, ஆனா நாள் ஓடிக்கிட்டே இருக்கு. நான் ஒவ்வொரு எபிசோட் மேலயும் ஓரமா 'நாள் 17', 'நாள் 18'னு போட்டுடுவேன். எபிசோட் முழுக்க ஒரு லுங்கியைப் பத்தின சண்டையா இருந்தாலும் சரி, அந்த நம்பர் மாறுனாலே கதை ஒரு அடி நகர்ந்துடுச்சு. உங்க காமிக்ஸ் காலேஜ்ல நடந்தா செமஸ்டர் பரீட்சை, கல்யாண வீடுன்னா முகூர்த்தம், வாடகை வீடுன்னா காலி பண்ண வேண்டிய தேதி. ஏதாவது ஒரு தேதி வெச்சுக்கோங்க.

அந்த ஒரு வரி எழுதவே வரலயா, ஒண்ணும் தப்பில்ல, உங்களுது சுத்தமான காமெடி காமிக்ஸ், அப்படியே நல்லா பண்ணுங்க. கதை இருந்தா தான் மரியாதைன்னு நினைச்சு இல்லாத கதையை இழுத்துக் கட்டாதீங்க.

பட்டப்பேரு எப்படி வேலை செய்யுதோ அப்படி

எங்க ஏரியாவுல சொந்தப் பேருல கூப்பிடுற ஆளு கம்மி. அம்மா வெச்ச பேரு ரேஷன் கார்டுல இருக்கும், வெளிய வந்தா பட்டப்பேரு தான். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அது சிரிப்பா இருக்கும், ஆனா ஒவ்வொரு பட்டப்பேருக்குப் பின்னாடியும் ஒரு சம்பவம் இருக்கும், சில சம்பவம் சிரிக்கிற மாதிரியே இருக்காது. நல்ல ஜோக்கு அந்த மாதிரி தான் இருக்கணும்னு நான் நம்புறேன், மேல பார்த்தா கலாய், உள்ள தோண்டுனா கதை.

லேட்டுன்ற பேரை முதல் எபிசோட்லயே ஜோக்கா தான் வெச்சேன். எல்லாத்துக்கும் லேட்டா வருவான், சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனா தாம்பூலப் பை மட்டும் தான் மிச்சம் இருக்கும், அவனோட கேரம் ஆடணும்னா சாயந்தரம் ஆறு மணின்னு சொல்லி ஏழரைக்குத் தான் போர்டுல பவுடரே போடுவாங்க. இருபது எபிசோடுக்கு மேல இப்படியே போச்சு. அப்புறம் தான் சொன்னேன், ஒரு நாள் விடிகாலை ரெண்டு மணிக்கு அப்பாவோட கடலுக்குப் போக வேண்டியவன் தூங்கிட்டான், படகு கிளம்பிடுச்சு, அது திரும்பி வரல. அதுக்கப்புறம் ஏரியாவுல யாரும் அவனை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடல, அவனே தான் கிளப்புல வந்து நின்னு 'எப்பவும் போல கூப்டுங்கபா'ன்னு சொன்னான். அந்த எபிசோட்ல நான் புதுசா எதுவுமே கண்டுபிடிக்கல. அத்தனை வாரமா வாசகன் சிரிச்சுக்கிட்டு இருந்த அதே வார்த்தையைத் திருப்பிக் காட்டுனேன், அவ்ளோ தான். பாதி பேரு முதல் எபிசோட்ல இருந்து திரும்பப் படிச்சேன்னு சொன்னாங்க.

இதை எப்படிப் பண்றதுன்னா, ஒரு நோட்டுல இதுவரைக்கும் நீங்க போட்ட ஜோக்கு எல்லாத்தையும் வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'ஏன் இவன் இப்படி?'னு ஒரு கேள்வி போடுங்க. ஏன் எப்பவும் லேட்டு, ஏன் இவன் மீனே சாப்பிட மாட்டான், ஏன் கிளப் செக்ரட்டரி எந்த கேம்லயும் ஜெயிக்க மாட்டேன்றாரு. பத்துல ஏழுக்கு பதில் வராது, விட்டுடுங்க. மூணுக்கு வரும் பாருங்க, அந்த மூணு தான் உங்க அடுத்த ஆறு மாசக் கதை.

ரன்னிங் காமெடி நிக்குற இடம்

திரும்பத் திரும்ப வர்ற ஒரு ஜோக்கை ஒரு நாள் டக்குனு நிறுத்துறது, இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆயா இட்லி கடையில லேட்டுக்கு பாக்கி இருக்கு. ஒவ்வொரு எபிசோட்லயும் எங்கயாவது ஒரு மூலையில இருந்து ஆயா 'டேய், கணக்கு எப்போடா?'ன்னு கத்தும். அவன் படகுக்கு அடியில படுத்துக்கிட்டு இருப்பான், அங்க ஆயா வசனத்தோட ஒரு பேச்சு பலூன் வரும். கோயில்ல கும்புடுவான், சாமி பின்னாடி இருந்து பலூன் வரும். ஒரு தடவை மீன் ஏலத்துல நூறு பேரு கத்துற கூட்டத்துக்கு நடுவுல குட்டியா ஒரு பலூன் வெச்சேன், அதைக் கண்டுபிடிக்கிறதே வாசகருக்கு ஒரு விளையாட்டா ஆயிடுச்சு.

அப்புறம் 'நாள் 41'. லேட்டு கடைக்கு வர்றான், ஆயா இட்லி வெக்குது, சட்னி ஊத்துது, ஒண்ணும் கேக்கல. அவன் எழுந்து கை கழுவுறான், இன்னும் கேக்கல. போற வழியில திரும்பிப் பாக்குறான். எபிசோட் முடிஞ்சுது. ஒரு சோக வசனம் கிடையாது, அழுகை கிடையாது, ஆனா ஆயாவுக்கு என்ன ஆச்சுன்னு அந்த வாரம் எல்லாரும் கேட்டாங்க. நாப்பது எபிசோட் சிரிக்க வெச்சதால தான் அந்த ஒரு எபிசோட் அமைதிக்கு அவ்ளோ கனம் வந்துச்சு.

இதுல சில விஷயம் கவனிக்கணும். ரன்னிங் காமெடி வரும்போதெல்லாம் கொஞ்சம் மாறணும், அதே இடத்துல அதே வசனம்னா மூணாவது தடவையே சலிச்சிடும். அதே சமயம் ஒரு அஞ்சாறு தடவையாவது வந்திருக்கணும், ரெண்டு தடவை வந்ததை நிறுத்துனா யாரும் கவனிக்கவே மாட்டாங்க. நிறுத்துற எபிசோட்ல அதைப் பத்தி எந்த கேரக்டரும் வாயத் தொறந்து பேசக்கூடாது, 'ஆயா ஏன் இன்னைக்கு கேக்கல'ன்னு லேட்டு சொல்லிட்டா போச்சு, அதை வாசகன் தான் கண்டுபிடிக்கணும். அப்புறம் முக்கியமா, அந்த காமெடி திரும்ப வர்ற நாள் ஒண்ணு வெச்சுக்கோங்க. எனக்கு அது 'நாள் 58', ஆஸ்பத்திரி பெட்ல இருந்து ஆயா 'கணக்கு எப்போடா'ன்னு கேட்டுச்சு. அதுக்கு சிரிச்சவங்களும் இருந்தாங்க, அழுதவங்களும் இருந்தாங்க.

கட்டியங்காரன் மாதிரி ஒரு ஆளு

ஆடி மாசத்துல தெருக்கூத்து பார்த்திருந்தீங்கன்னா கட்டியங்காரனைத் தெரியும். அவன் தான் ஆட்டம் தொடங்கி வைப்பான், ராஜாவைப் பார்த்து 'நீ யாருய்யா'ன்னு கேட்டு ராஜா வாயாலயே கதையைச் சொல்ல வைப்பான், நடுவுல உள்ளூர் விஷயத்தை இழுத்து எல்லாரையும் சிரிக்க வைப்பான், திரும்ப டக்குனு கதைக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவான். காமெடி பண்றவனும் கதையை நகர்த்துறவனும் ஒரே ஆளு. உங்க காமிக்ஸுக்கும் அப்படி ஒருத்தர் வேணும். சீரியஸான சீன்ல கூட அவருக்கு மட்டும் ஜோக்கு அடிக்க உரிமை இருக்கணும், ஆனா அவர் வாயைத் திறந்தா ஒரு புது தகவலும் சேர்ந்து வரணும். எனக்கு அது ஐஸ் உடைக்கிற ஒரு பையன், துறைமுகம் பூரா சுத்துறதால எல்லா சேதியும் அவன் கிட்ட இருக்கும். எல்லா கேரக்டரையும் ஜோக்கு அடிக்க விடாதீங்க, எல்லாரும் ஒரே மாதிரி பேசுற மாதிரி ஆயிடும், அப்புறம் யாரு கஷ்டப்பட்டாலும் நம்ப மாட்டாங்க.

பேனல் கணக்கு

நாலு பேனல் ஸ்ட்ரிப்புன்னா, அதாவது நாலு படக் கட்டம் வரிசையா வர்ற காமிக்ஸுன்னா, நம்ம கை தானா மூணு பேனல்ல பில்டப் பண்ணி நாலாவதுல பஞ்ச் வெக்கும். ஜப்பான்காரங்க நாலு பேனலுக்கு 'கி, ஷோ, டென், கெட்சு'ன்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, சீனாவோட நாலடிக் கவிதையில இருந்து வந்தது, தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. அதுல திருப்பம் மூணாவதுலயே வந்துடும். இதை நான் அப்படியே எடுத்துக்கிட்டேன்: மூணாவது பேனல்ல ஜோக்கு, நாலாவது பேனல்ல அந்த ஜோக்கால என்ன ஆச்சுன்றது. மூணாவதுல ரெட்டு, நாலாவதுல ஃபாலோ. லேட்டு ஸ்பானரைத் தூக்கிப் போட்டான், கிளப் போர்டு மேல விழுந்துச்சு, எல்லாரும் துரத்துறாங்க, இது மூணாவது. நாலாவதுல அவன் ஓடி ஒளிஞ்ச இடத்துல படகு ஓனர் யாரோ ஒருத்தர் கிட்ட விலை பேசிட்டு இருக்காரு. வசனம் கூட வேணாம்.

மேல இருந்து கீழ தள்ளிப் படிக்கிற வெப்டூன் மாதிரின்னா பேனலுக்கு நடுவுல இருக்குற வெத்து இடம் தான் நேரம். ஜோக்குக்கு சின்ன இடைவெளி, சட்டுனு வந்து விழணும். மனசு கனக்குற இடத்துக்குப் பெரிய இடைவெளி, ரெண்டு மூணு தடவை தள்ளுற அளவுக்கு வெறும் கலர் விடுங்க. யாரு வேணா காமிக்ஸ் ஏத்தலாம்ன்ற வெப்டூன் கேன்வாஸ் தளத்துல ஒரு படம் 800 பிக்சல் அகலம், 1280 உயரம் தான் ஏத்துக்கும், நீளமா வரைஞ்சு வெட்டிப் போடுவோம், ஆனா ஒரே ஸ்க்ரீன்ல பில்டப்பும் பஞ்சும் சேர்ந்து தெரியக்கூடாது, அதை கம்ப்யூட்டர்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க, போன்ல போட்டுத் தள்ளிப் பாருங்க. இன்ஸ்டாகிராம்னா ஒவ்வொரு ஸ்லைடும் பக்கம் திருப்புற மாதிரி, நான் 1080க்கு 1350ல போடுறேன், 2024ல இருந்து ஒரு போஸ்ட்ல 20 ஸ்லைடு வரைக்கும் போடலாம், அதுக்காக இருபதையும் ரொப்பாதீங்க. பஞ்ச் எப்பவும் தள்ளுனதுக்கு அப்புறம் வர்ற ஸ்லைடுல.

கணக்கு பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. ரஃப் ஸ்கெட்ச் முடிச்சதும் ஒவ்வொரு பேனல் ஓரத்துலயும் சிரிப்புன்னா 'சி', கதைன்னா 'க'ன்னு பென்சில்ல போடுங்க. ரெண்டும் இருக்குற பேனலுக்கு ரெண்டையும் போடுங்க. எதுவுமே இல்லாத பேனலைத் தூக்கிடுங்க, எவ்ளோ அழகா வரைஞ்சிருந்தாலும். தொடர்ந்து மூணு எபிசோட்ல 'க' ஒண்ணு கூட இல்லன்னா நாலாவதுல கண்டிப்பா வரணும். தொடர்ந்து ரெண்டு எபிசோட்ல 'சி' இல்லன்னா எனக்கு பயம் வந்துடும், ஏன்னா வாசகன் நம்ம கிட்ட முதல்ல வந்தது சிரிக்கத் தான்.

பேப்பர்ல தினமும் வர்ற ஸ்ட்ரிப் வரைஞ்சவங்க முதல் பேனல்லயே நேத்து நடந்ததை ஒரு வசனத்துல சொல்லிடுவாங்க, நேத்து பேப்பர் வாங்காதவனும் படிக்கணும்ல. நமக்கும் அதே நிலைமை தான், நடுவுல ஒரு எபிசோட் யார் போனுக்கோ ஷேர் ஆகிப் போகும், அவனுக்கு முன்கதை தெரியாது. அந்த முன்கதையையே ஜோக்கா சொல்லிட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சுது. 'இருபது நாளா இஞ்சினோட குடும்பம் நடத்துறான், இன்னும் அது ஒரு வார்த்தை பேசல'ன்னு ஐஸ் பையன் சொன்னா போதும்.

சிரிப்பு வெக்கக் கூடாத இடம்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சு, வலை, படகு எல்லாம் கருப்பு. அந்த நேரத்துல நான் ஒரு எபிசோட் போட்டேன், எண்ணெய்ல குளிச்சு கருப்பா வந்து நிக்கிற ஒருத்தனைப் பார்த்து கிளப்புல எல்லாரும் சிரிக்கிற மாதிரி. எண்ணூர்ல இருக்குற என் சித்தி பையன் போன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேட்டான், 'அண்ணே, இந்த ஜோக்குல அடி வாங்குறது யாரு?' அடி வாங்குறது அந்த மீனவன் தான், எண்ணெய் விட்டவன் இல்ல. அன்னைக்கே எடுத்துட்டேன். அந்தக் கேள்வியை இன்னைக்கும் என் மேஜைக்கு மேல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், ஒவ்வொரு ஜோக்குக்கும் கேட்டுப் பாக்குறேன்.

இன்னொண்ணும் சொல்லணும், இது எங்க ஊரு ஆளுங்களுக்கு. நம்ம பேச்சையே ஜோக்கா வெக்காதீங்க. 'இன்னாபா'ன்னு சொன்னாலே சிரிப்புன்ற மாதிரி ரொம்ப காலமா பழக்கி வெச்சிருக்காங்க. நீங்களும் அதே பண்ணீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா, பத்து எபிசோட் கழிச்சு அதே வாய் 'இன்னாபா பண்றது, போய்ட்டாரே'ன்னு அழும்போது வாசகன் சிரிப்பான். அப்போ உங்க கதைக்கு பாஷையே இல்லாம போயிடும். ஜோக்கு அவன் சொல்ற விஷயத்துல இருக்கட்டும், சொல்ற பாஷையில வேணாம். அரிவாள், ரவுடி ஜோக்கும் அதே தான். அதை வெச்சா இங்க ஒருத்தன் உண்மையிலயே செத்தா அது செய்தியாவே தெரியாது.

கடைசிப் பேனலும் போடுற நாளும்

கடைசிப் பேனல் சிரிப்பா இருக்கணுமா, அடுத்து என்னன்ற கேள்வியா இருக்கணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. ரெண்டையும் ஒரே பேனல்ல அடைக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ரெண்டுமே நசுங்கிடும். கடைசிக்கு முந்தின பேனல்ல சிரிக்க வைங்க, கடைசியில கேள்வியை வைங்க.

கையில எப்பவும் நாலு எபிசோட் ரெடியா இருக்கணும், அதுல ரெண்டு பேக்ரவுண்ட் அதிகம் இல்லாத சின்ன காமெடி, உடம்பு முடியாத வாரத்துக்கு. ஆனா அதைக் கதை உச்சத்துல இருக்கும்போது நடுவுல சொருகிடாதீங்க, ஆயா ஆஸ்பத்திரியில இருக்குற வாரம் லுங்கி ஜோக்கு வந்தா உங்களுக்கே ஆயா மேல அக்கறை இல்லன்னு நினைப்பாங்க, அதுக்கு ஒரு வாரம் லீவு விட்டுடலாம்.

நாளைப் பொறுத்த வரைக்கும் என் அனுபவம் இது: ஞாயித்துக்கிழமை எங்க பக்கம் காலையில மீன் மார்க்கெட், மதியம் குழம்பு, அப்புறம் ஒரு தூக்கம், அன்னைக்கு காமெடி எபிசோட் தான் ஓடும். கனமான எபிசோடை செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்குப் போடுறேன், கடை மூடிட்டு மெட்ரோவுல திருவொத்தியூர் பக்கம் வீட்டுக்குப் போறவங்க அந்த நேரத்துல தான் நிதானமா படிக்கிறாங்க. 'நாள் 41' அப்படித் தான் போட்டேன்.